சிற்றாற்றின் செதிலில்லா மீன்

1937 ஜூன் 14, திங்கள். மேலகரம்.

எதிர்வீட்டு முப்பிடாதியாபிள்ளை கோர்ட்டில் ஜப்தி செய்கிற அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளம் மட்டும்தான், கண் இன்னும் வேலை பார்க்கிறது. நான் வீட்டுப் பின்முடுக்குச் சந்து வழியாகச் சுற்றி வந்ததைப் பிடித்துக்கொண்டார்.

"காலங்காத்தால எங்க சார்வாள்?"

"உலாத்தப் போனேன்."

"தூக்குவாளியோடயா?"

வாளியில் இருந்தது மீன். சைவ வீட்டுக்கு மீன். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் பிராணி நூல் சொல்லிக்கொடுக்கிறவன் மீனைத் தொடாமல் எப்படி ஆராய்ச்சி செய்வது என்று இந்தத் தெருவிடம் வாதாட முடியாது. நான் பிறந்ததிலிருந்து மீன் தின்றதில்லை. சமைக்கிற இடத்தில் நின்றதும் இல்லை. எனக்கு மீன் என்றால் ஸ்பிரிட் பாட்டிலில் மிதப்பதுதான்.

முடுக்கு முனையில் கொண்டுவந்து கொடுப்பவள் மூக்கம்மாள், சிற்றாற்று மீன் விற்கிறவள். "சின்னதா, தலை பெருசா, கல்லுக்கடியில ஒட்டிக்கிட்டு கெடக்குமே, அது வேணும். அறுத்துராத" என்று சொல்லியிருந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குத் தெரியும்யா. யார்ட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றாள். என்ன தெரியும் இவளுக்கு? கல்லூரிக்காரர்கள் யாராவது இவளிடம் முன்பே வாங்குகிறார்களோ?

ஜூன் 20, ஞாயிறு

உடனே எழுதிவைக்கிறேன்.

லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். செதில் இல்லை. ஒன்றுகூட இல்லை. தோலில் ஊசி குத்தினாற்போல் சிறு குழிகள் மட்டும். வயிற்றுத் துடுப்பு இரண்டும் தனித்தனி. இங்கே ஊரெல்லாம் கிடைக்கிற உழுவை மீனுக்கு அவை இரண்டும் சேர்ந்து ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும், கல்லில் ஒட்டிக்கொள்ள. உடம்பும் தலையும் உழுவைச் சாயல்தான். ஆனால் இது உழுவை இல்லை.

மதராசில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய மீன் நூலை எடுத்தேன். ஸ்கல்பின் என்று ஒரு கூட்டம். குளிர்தேசத்து மீன்கள், முந்நூறு வகை இருக்கும் என்கிறது. பனிக்கடலோரத்துப் பாறைக்குழிகளில் சில, மலை ஓடையில் கல்லுக்கடியில் சில, சைபீரியாவில் அடி தெரியாத ஏரி ஒன்றில் உடம்பெல்லாம் எண்ணெயாகக் கண்ணாடிபோல் ஒன்று. சிலதுக்கு முள், சிலதுக்குப் பக்கவாட்டில் ஒரே ஒரு வரி செதில், பலதுக்குச் செதிலே கிடையாது. இப்படி ஆளுக்கொரு கோலத்தில் இருப்பவற்றை எதை வைத்து ஒரு குடும்பம் என்கிறார்கள்? கண்ணுக்குக் கீழிருந்து கன்னத்தைக் கடந்து செவுள் மூடி வரை ஓடும் ஓர் எலும்பு. அது இருந்தால் உறவு, இல்லாவிட்டால் அந்நியம்.

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் ஸ்கல்பின் உண்டென்று உலகத்தில் எவனும் எழுதியதில்லை. குற்றாலத் தண்ணீர் குளிரத்தானே செய்கிறது?

யாரிடமும் சொல்லக்கூடாது.

ஜூன் 27, ஞாயிறு

ஒருவரிடம், கன்னத்து எலும்பு விஷயம் வரைக்கும், சொல்ல வேண்டியதாயிற்று. படம் இல்லாமல் கட்டுரை அனுப்பினால் கல்கத்தா மியூசியத்தில் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். எங்கள் டிராயிங் மாஸ்டர் சேக் மைதீனைத் தவிர இந்தத் தாலுகாவில் மீனின் துடுப்பு முள்ளை முள்ளாக வரையக் கூடியவர் இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் என்னோடு மனஸ்தாபம் வராத ஒரே மனிதரும் அவர்தான். பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், காப்பி குடிப்பார், சண்டையில்லாமல் போவார்.

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உழுவை மாதிரில்லா இருக்கு, சார்வாள்."

"செதில் எங்கே?" என்றேன்.

மறுபடி பார்த்தார். "அதான் எனக்கும் புரியல" என்றார்.

மீன் தின்கிறவருக்கு எல்லாம் உழுவைதான். ஆனால் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்தாரா, இல்லை எனக்குத்தான் அப்படிப் பட்டதா? மீன் பாட்டில்களை வைத்திருக்கும் பள்ளிக்கூட ஆய்வறை அலமாரியின் இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது.

ஜூலை 3

என் மனைவி பார்வதி என் சட்டையைத் துவைக்கப் போடும் முன் முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

ஜூலை 11, ஞாயிறு

படம் வந்தது. அழகான படம். கழுத்திலிருந்து வால்வரை வரிசை வரிசையாகச் செதில்.

"இது என்ன மாஸ்டர்?"

"பாட்டில்ல உள்ளது சுருங்கிப்போய் கெடக்கு சார்வாள். நானே பாலத்துக்குக் கீழ எறங்கி, துண்டைப் போட்டு ஒண்ணு பிடிச்சேன். உசிரோட வச்சு வரைஞ்சது. மீனையும் கொண்டாந்திருக்கேன், பாருங்க."

பார்த்தேன். அளவு அதே, தலை அதே, வாலும் அதே. ஆனால் செதில் இருக்கிறது. வயிற்றுத் துடுப்பு கிண்ணமாகச் சேர்ந்திருக்கிறது. சாதாரண உழுவை.

"நான் கொடுத்த மீனை வரையச் சொன்னால் நீங்கள் ஏன் வேறு மீனை வரைகிறீர்கள்?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பார்வதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது" என்றார், மெதுவாக.

தோன்றுகிறதாம். வேலை மெனக்கெட்டு ஆற்றில் இறங்கி, என் மீனைப் போலவே அச்சாக ஒன்றைத் தேடிப் பிடித்து, இதுவும் அதுவும் ஒன்று என்று சாதிக்க ஒரு மனிதனுக்கு என்ன தேவை? யாருக்காக இந்தச் சிரமம்?

ஜூலை 14

யாருக்காக என்று தெரிந்துவிட்டது. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில், பழக்கடை வாசலில், சிவனணைந்தபெருமாள். திருநெல்வேலிப் பக்கம் கல்லூரியில் பிராணி நூல் விரிவுரையாளர், சாரலுக்குக் குளிக்க வந்திருக்கிறார். தலையெல்லாம் எண்ணெய். அவரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது யார்? மைதீன். என்னைக் கண்டதும் மைதீன் கையைத் தூக்கி, "சார்வாள், இங்கன வாங்க" என்று கூப்பிட்டார்.

நான் போகவில்லை. கூட்டத்தில் கேட்காதது போல நடந்துவிட்டேன். என்னைக் கூப்பிடுகிற சாக்கில் பேச்சை மறைக்கிறார்களா?

ஜூலை 18

இன்று ஒரு மீனின் கன்னத்தைச் சுரண்டிப் பார்த்தேன். எலும்பு ஒன்று குறுக்காகத் தெரிந்த மாதிரி இருந்தது. லென்சைத் திருப்பினால் மறைந்துவிடுகிறது. வெளிச்சம் போதவில்லை, சாரல் இருட்டு. இருக்கத்தான் வேண்டும். கட்டுரையில் "காணப்படுகிறது" என்று எழுதினேன்.

ஜூலை 22

ஆய்வறை அலமாரிக் கதவின் இடுக்கில் என் தலைமுடி ஒன்றைச் சோற்றுப் பசையால் ஒட்டிவைத்திருந்தேன். இன்று அது இல்லை. காற்று என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பாட்டிலில் இருக்கும் மீன்கள் என்னுடையவைதானா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

ஜூலை 26, திங்கள்

கேட்டுவிட்டேன். ஆசிரியர்கள் உட்காரும் அறையில், எல்லார் முன்னிலையிலும். என் பாட்டில்களை மைதீன் திறந்திருக்கிறார், மீனை மாற்றப் பார்க்கிறார், என் கண்டுபிடிப்பை வெளியாளிடம் விற்கிறார் என்றேன்.

ஹெட்மாஸ்டர் மைதீனைப் பார்த்து, "என்ன மாஸ்டர்?" என்றார்.

"கண்ணுல பட்டதத்தான் வரைஞ்சேன்" என்றார் மைதீன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு நாலாம் வகுப்புக்குப் போனார்.

குற்றம் இல்லாதவன் என்றால் இரண்டு வார்த்தை சண்டை போடமாட்டானா? ஏன் போடவில்லை? இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஜெயித்தவனுக்குப் பசிக்க வேண்டும். சோறு இறங்கவில்லை.

ஜூலை 31

பூஜை அறைக்குள் நுழையப் போனேன். பார்வதி வாசலை மறித்து நின்று, "குளிச்சிட்டு வாங்க" என்றாள். குளித்துவிட்டேன் என்றேன். "இன்னொருக்க குளிங்க" என்றாள். என் தட்டையும் தம்ளரையும் தனியாகக் கழுவி வைக்கிறாள் என்று நாலு நாளாகக் கவனிக்கிறேன். முப்பிடாதியாபிள்ளை ஏதோ ஓதியிருக்கிறார். ஊரே என்னைத்தான் பார்க்கிறது.

நானே ஒரு படம் வரைந்தேன். மீனைவிட முருங்கைக்காய்க்குத்தான் அதிகச் சாயல். போகட்டும். அமாவாசை கழிந்து திங்கட்கிழமை கட்டுரையைத் தபாலில் சேர்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, வெள்ளி. ஆடி அமாவாசை.

விடியற்காலையில் குற்றாலம் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டுத் திரும்பினேன். பார்வதி விரதம். இலை போட்டாயிற்று. காக்கைக்குச் சோறு வைக்கப் போகிற நேரம். வாசலில் குரல்.

"ஐயா. முடுக்குல முழங்கால் தண்ணி. அதான் இப்பிடி வந்தேன்."

மூக்கம்மாள். ஓலைப்பெட்டியோடு. அமாவாசையன்று, முன்வாசலில். எதிரே முப்பிடாதியாபிள்ளை.

நான் வாசலுக்கு விரைந்தேன். பின்னாலேயே பார்வதியும் வெளியே வந்தாள். "என்ன அது?" என்றாள்.

மூக்கம்மாளுக்கு அவள் முகம் விளங்கிவிட்டது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, குரலைத் தாழ்த்தியும் எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "ஆச்சி, நீங்க ஒண்ணும் வெசனப்படாதிய. சாம்பலும் உப்பும் போட்டு, கல்லுல வச்சு நல்லா உரசித்தான் கொண்டாறேன். ஒரு செதிலு கெடயாது. வழுவழுப்பு கெடயாது. வீட்ல வாடையே நிக்காது. அறுக்கக்கூடாதுன்னு ஐயா சொன்னாவ, அதனால அறுக்கல. சைவ வீட்டுக்குக் குடுக்கது எனக்கென்ன புதுசா? எதுத்த வீட்டு அமீனா ஐயாவுக்கும் இப்பிடித்தான் உரசிக் குடுக்கேன்."

எதிர்ப்பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் கேட்டது ஒன்றுதான். "எல்லாத்தையுமா உரசின? மொதல்ல இருந்தே?"

"பின்ன? உரசாம எப்பிடியா குடுப்பேன்?"

"வயித்துல கீழ ஒரு கிண்ணம் மாதிரி இருக்குமே..."

"அதுலதான் மண்ணு இருக்கும். நல்லா அழுத்தித் தேச்சா கிழிஞ்சு ரெண்டாப் போகும். சுத்தமாயிரும்."

பார்வதி உள்ளே போய்விட்டாள். இலைகளைச் சுருட்டுகிற சத்தம். நான் அப்படியே படியில் உட்கார்ந்தேன். ஒரே பேச்சில் என் மீனும் போயிற்று, என் சைவமும் போயிற்று. இவள் என்ன தப்பு செய்தாள், பாவம். வாங்குகிறவன் தின்னத்தான் வாங்குவான் என்று நினைத்தாள். மீன் கழுவுகிற வீட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, சனி

உரசாத மீன் கொண்டுவரச் சொன்னேன். மூக்கம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தாள். செதில் இருக்கிறது. கிண்ணம் இருக்கிறது. கன்னத்தை இந்த முறை முற்றத்து வெயிலில் வைத்துப் பிரித்தேன். தசை, தசைக்குக் கீழே தசை. குறுக்கெலும்பு இல்லை. பழைய பாட்டில் மீன்களிலும் பார்த்தேன். எதிலும் இல்லை. ஜூலையில் நான் பார்த்தது என்ன? பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தேன். ஸ்கல்பின் அதன் குளிரிலேயே இருக்கட்டும்.

பார்வதியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்து காட்டினேன். பாட்டில் பாட்டிலாக உழுவை. வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டையும் திங்கவே இல்லையா?" என்றாள்.

"இல்லை."

"இதுக்கா அந்த மனுசனத் திருடன்னிய?"

அவர்மேல் குற்றம் சொன்ன அன்று சோறு இறங்காததற்குக் காரணம் இப்போது தெரிகிறது. உள்ளுக்குள் எங்கேயோ எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 9, திங்கள்

அதே அறையில், அதே ஆட்கள் முன்னால் சொன்னேன். மீனை மாற்றியது மைதீன் இல்லை, மாறியது என் புத்தி என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குற்றாலத்தில் சிவனணைந்தபெருமாளிடம் என்ன பேசினார் என்பதையும் ஹெட்மாஸ்டர்தான் சொன்னார்: எங்கள் பள்ளிக்கு நல்ல மைக்ராஸ்கோப் ஒன்று இரவல் கேட்டிருக்கிறார், நான் கன்னத்து எலும்பைப் பார்ப்பதற்கு. அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

சாவியை நீட்டினேன். "அது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்வாள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

கூப்பிட்டால் வருவாரோ மாட்டாரோ என்றிருந்தேன். வந்தார். சிற்றாற்றுக் கல்லடி மீன்கள் என்று சாதாரணமாக ஒரு கட்டுரை எழுதலாம், உழுவை, அயிரை, கல்லொட்டி, இருப்பதை இருப்பதாக, படத்துக்குக் கீழே உங்கள் பெயர் போடவேண்டும் என்றேன். சரி என்றார். பார்வதி காப்பி கொடுத்தாள், குடித்தார். உட்கார்ந்து அயிரையின் மீசையை ஒவ்வொன்றாக வரைந்தார். இடையில் வீட்டு நலம் விசாரித்தேன், சொன்னார். மழையைப் பற்றி அவரே பேசினார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

புறப்படும்போது துணிப்பையை எடுத்தார். தோளில் மாட்டாமல் மேசைமேல் கவிழ்த்தார். பென்சில்கள், ரப்பர், ஒரு சீப்பு, மடித்த துண்டு, வெற்றுக் காகிதம். பையின் உள்பக்கத்தையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

"பாத்துக்கிடுங்க சார்வாள்."

"என்ன மாஸ்டர் இது, வேண்டாம்."

"இல்ல, இருக்கட்டும். நாளைக்கு ஒண்ணு கொறஞ்சா எனக்கும் நிம்மதி வேணும்லா."

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. வெகு மரியாதையாகச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் காத்திருந்தார். நான் பார்க்காமல் அவர் போகமாட்டார் என்று தெரிந்தது.

பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தார்.