இரண்டு பதிவு, ஒரு பிள்ளை

9 ஜூன், திங்கள்
விக்ரமுக்கு இன்றோடு இரண்டரை வயது. இன்னும் "அம்மா" வரவில்லை. அங்கன்வாடியில் எடை பார்த்துவிட்டு பட்டம்மாள் டீச்சர் ஒரு படிவம் நீட்டினாங்க. "பையன் விவரத்தை நானு, நர்ஸம்மா, ஆஸ்பத்திரி மூணு பேரும் சேர்ந்து பாக்கறதுக்கு. சம்மதம்னா கையெழுத்து போடும்மா." வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். போடவில்லை.

10 ஜூன்
படிவத்தைப் பார்த்ததும் தேவா கத்தினார். "என் புள்ளைக்குப் பேச்சு வரலைன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா அழியுமா? ஸ்கூல்ல சேக்கப் போனா அதான் முன்னாடி வந்து நிக்கும். நானே மூணு வயசுலதான் பேசினேனாம்."
பின்னால் நின்று கூப்பிட்டால் அவன் திரும்புவதே இல்லை. இதை யாரிடம் சொல்வது?

13 ஜூன்
போட்டுவிட்டேன். தேவாவுக்குத் தெரியாது. யார் யார் பார்ப்பாங்கன்னு மூன்று தடவை கேட்டேன். "உன் நாத்தனார் பாக்க மாட்டாங்க, போம்மா" என்று டீச்சர் சிரிச்சாங்க.

19 ஜூன்
நர்ஸ் கமலாட்சி போன் பண்ணாங்க. "கலையரசி, உனக்கு ரெட்டைப் புள்ளையா?"
ஒண்ணுதாங்க.
"கூரத்துல 'கலையரசி குழந்தை'ன்னு ஒண்ணு இருக்குதேம்மா. அதே பிறந்த தேதி."
தலைப்பிரசவம் கூரத்தில், அம்மா வீட்டில். பெயர் வைக்காததால் அப்படிப் பதிந்தார்கள். அவனுக்கு ஐந்தாம் மாதம் செவிலிமேட்டுக்கு, தேவா வீட்டுக்கு வந்தபோது, வேறெங்காவது பதிந்திருக்கிறதா என்று இங்கே அங்கன்வாடியில் கேட்டார்கள். இல்லை என்றேன். ஆமாம்னு சொன்னா இங்க சத்துமாவு தர மாட்டாங்கன்னு பயம்.
அந்தப் பதிவில் ஒரு வரி இருக்கிறதாம்: பிறந்த அன்று காது சோதனை, இரண்டு காதும் மறுபடி பார்க்க வேண்டும். மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள் — அம்மாவோட பழைய நம்பருக்கு.
இரண்டரை வருஷம்! சத்துமாவுக்காகவா? நான்தானே மறைச்சேன்?

20 ஜூன்
தேவாவிடம் எல்லாம் சொன்னேன். தட்டில் கைகழுவிவிட்டு எழுந்து போனார்.

27 ஜூன்
சோதனை முடிந்தது. இரண்டு காதும் மிகவும் மந்தம். காதுக்கு மெஷின் வைத்துப் பழக்கினால் பேச்சு வரலாம் என்றார் டாக்டர். வரலாம். "வரும்"னு சொல்லலை. பயிற்சி மையத்துக்கு விவரம் அனுப்ப இன்னொரு சம்மதப் படிவம். நான் பேனா தேடுவதற்குள் தேவா கையெழுத்துப் போட்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

22 ஆகஸ்ட்
மெஷின் போட்டு நாலாவது நாள். குக்கர் விசில் அடித்ததும் விக்ரம் அலறிக்கொண்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அடுப்பை அணைக்கப் போனேன்.
தேவா அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இரு கலை. இன்னொண்ணு வரட்டும்."