மேற்படிக் குறிகள்

2 ஜூன் 1986, திங்கள். ஹட்டன்

காலையிலிருந்து மழை விடவில்லை. தொழிற்சங்க ஆபிஸில் நானும் கம்பியூட்டரும் மட்டும். றோலண்ட் சேர் கொட்டகலையில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார். கூட வேலை செய்த றோசலின் கல்யாணம் கட்டிக் கண்டிக்குப் போய் மூன்று மாதம். அவளுடைய நாற்காலியில் இப்போது என் குடை காய்கிறது.

பதினொரு தோட்டத்துப் பதிவேடுகளையும் அடித்து முடித்தாயிற்று. ஆளுக்கு ஒரு வரி. முதலில் பெயர், பிறகு தோட்டம், கடைசியில் நிலை. இங்கே இருப்பவருக்கு ரெசிடன்ட், இந்தியாவுக்குப் போனவருக்கு லெஃப்ட். இருப்பவர்களை மட்டும் பிரித்தெடுத்து இருபதாம் தேதிக்குள் கொழும்பில் கொடுக்க வேண்டும். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்கும் மனுவோடு போகும் பட்டியல் அது. அதில் பெயர் இல்லாதவருக்கு மனுவும் இல்லை.

4 ஜூன்

மெஷினைப் பொருத்த வந்த டக்ளஸ் விட்டுப்போன போட்டோகொப்பிப் புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்துக்கு வந்திருக்கிறேன். ரெகுலர் எக்ஸ்பிரஷன். பெயரைக் கேட்டால்தான் பயம். விஷயம் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற மாதிரிதான். எந்த வடிவத்தில் எழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பொருந்துகிற வரிகள் மட்டும் கீழே விழும். புள்ளி என்றால் ஏதோ ஓர் எழுத்து. பக்கத்தில் நட்சத்திரம் போட்டால் அப்படி எத்தனை வந்தாலும் சரி, ஒன்றுமே வராவிட்டாலும் சரி. $ போட்டால் வரியின் முடிவு.

புள்ளியும் நட்சத்திரமும் சேர்ந்துவிட்டால் பெரிய பேராசைக்காரி. ஒரு பெயரைப் பிடி என்றால் வரி முழுவதையும் விழுங்கிவிட்டுப் பேசாமல் நின்றது. வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததைச் சொல்ல ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

8 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து நேரே ஆபிஸுக்கு வந்தேன். சாவி என்னிடம் இருக்கிறது. அறைக்குப் போனால் நாலு சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து வந்த அம்மாவின் கடிதங்களை மூன்று ஞாயிறாக ஆங்கில எழுத்தில் அடித்து ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மா சொல்ல, தம்பி எழுதுவது. எட்டு வருடத்தில் முப்பத்தொரு கடிதம். ஏன் ஏற்றினேன்? தெரியாது. பழகிப் பார்க்க வேறு எழுத்து இல்லை என்று வைத்துக்கொள்வோம். இன்று, கேள்விக்குறியில் முடியும் வரிகளை மட்டும் எடு என்றேன்.

விழுந்தன. எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதில் ஒவ்வொரு கடிதத்திலும் "எப்ப வருவ?" எண்பத்தொன்றில் "பேப்பர் வந்துச்சா?" இந்தியாவுக்குப் போகிற கப்பல் நின்ற வருடம் "இனி எப்புடி வருவ?" அதற்குப் பிறகு வந்த நான்கு கடிதங்களில் ஒன்றும் இல்லை. மறுபடி ஓட்டினேன். இல்லை.

அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். இத்தனை தடவை வாசித்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. அழுதேன். மெஷினை நிறுத்திவிட்டு வந்தேன்.

அப்பாவின் பாஸ்போர்ட்டில் அம்மாவும் தம்பியும் இருந்தார்கள். எனக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதால் தனியாக வர வேண்டும் என்றார்கள். "ஆறு மாசத்துல பின்னாலயே வந்துருவ" என்று அப்பா தலைமன்னாரில் சொன்னார். என் பாஸ்போர்ட் வரவேயில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று அத்தாட்சிக் கடிதம் கேட்டு லிந்துலையில் எங்கள் தோட்டத்து ஆபிஸுக்குப் போனேன். ஒரே வரியில் பதில் தந்தார்கள்: அப்படி ஒருவர் இப்போது இத்தோட்டத்தில் இல்லை. வாசலில் நின்று கேட்ட என் கையிலேயே! அந்தக் கோபத்தில்தான் லிந்துலைப் பதிவேட்டை அடிக்கிற வேலையை றோசலின் தலையில் கட்டினேன்.

12 ஜூன்

ரெசிடன்ட் என்று முடியும் வரிகளை எடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அச்சடித்தால் பத்தொன்பது தாள்.

"நெனச்சதவிட கொறைவா இருக்கே?" என்றார் சேர்.

"கம்பியூட்டர் தப்பு விடாது சேர்" என்றேன். பெரிய மனுஷி மாதிரி.

13 ஜூன்

சேர் காலை ரயிலில் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பாண், சம்பல், தூக்கம்.

16 ஜூன், திங்கள்

வட்டகொடைத் தோட்டத்திலிருந்து அம்மாக்கண்ணு அக்கா நனைந்துகொண்டு வந்தாள். கொழுந்தெடுக்கிறவள், ஒருநாள் பேரை, அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"எம் பேரு ஏறிருச்சா தங்கச்சி?"

பிரதித் தாள்களில் தேடினேன். புருஷன் செல்லசாமி இருந்தார். அவள் இல்லை. பிள்ளைகள் நாலு பேரும் இல்லை.

"அவரு மட்டுமா இருக்காரு?" என்றாள். "அவரு செத்து ஆறு மாசமாகுதே."

பார்த்துச் சொல்கிறேன் என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். பிறகு பதிவேட்டைத் திறந்தேன். செல்லசாமியின் வரியில் தோட்டமும் நிலையும் முழுதாக இருக்கின்றன. அடியில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் மட்டும். மற்ற இரண்டு கட்டத்திலும் சின்னதாக இரண்டு கோடு. மேற்படிக் குறி. பதிவேடு எழுதிய தோட்டத்துக் கிளாக்கர்மாருக்குக் கை வலிக்கக் கூடாதே! றோசலினும் நானும் கண்டதைக் கண்டபடியே அடித்து வைத்திருக்கிறோம். ரெசிடன்ட் என்று முடிவதைக் கேட்டேன். குடும்பத் தலைவர்கள் மட்டும் விழுந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் அத்தனை பேரும் சல்லடையிலேயே தங்கிவிட்டார்கள்.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். ஒரு தாளக்கூட கண்ணால பாக்கலயே நான். எத்தனை பேரு! சேர்கிட்ட எப்புடிச் சொல்றது? யார்கிட்ட கேக்கிறது?

17 ஜூன்

சொல்லிவிட்டேன். சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கம்பியூட்டர் தப்பு விடாதுன்னீங்க?"

"அது விடல சேர். நான் கேட்டதுதான் தப்பு."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கொழும்புக்கு ட்ரங்க் கோல் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் மாற்றிக்கொள்வார்களாம். "வியாழன் பின்னேரம் எங் கையில இருக்கணும்" என்றார்.

18 ஜூன்

வேலை இதுதான். மேல் வரியின் கடைசி இரண்டு கட்டத்தையும் பிடித்து வைத்துக்கொள். அடுத்த வரியில் மேற்படிக் குறி இருந்தால் அதை எடுத்துவிட்டு, பிடித்ததை அங்கே வை. பிடிக்க அடைப்புக்குறி, வைக்க \1. இந்த முறை பேராசைக்காரியைக் கிட்டவே சேர்க்கவில்லை. முதலில் வட்டகொடையில் இருபது வரியை மட்டும் மாற்றி, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஒரு ஓட்டத்தில் ஒரு படிதான் இறங்கும். முதல் ஓட்டத்தில் மனைவிமார் வந்தார்கள். அம்மாக்கண்ணு வந்தாள். இரண்டாவதில் மூத்த பிள்ளைகள். ஐந்தாவதில் அம்மாக்கண்ணுவின் கடைக்குட்டி. பதினோராவது ஓட்டத்தில் குறி ஒன்றுகூட மிச்சமில்லை. எழுந்து நின்று கை தட்டினேன், பைத்தியம் மாதிரி. செல்லசாமிக்குச் செத்துப்போனார் என்று நானே கையால் எழுதினேன்.

இப்போது எழுபத்து நான்கு தாள்.

பிறகு என் பெயரை அடித்துத் தேடினேன். ஏன் தேடினேனோ. ஒரு வரி விழுந்தது. பெற்றீசியா, எங்கள் தோட்டம், லெஃப்ட்.

பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் வரியில் லெஃப்ட். அம்மாவுக்குக் குறி, தம்பிக்குக் குறி. வந்த வேகத்தில் நாலாவது வரியில் எனக்கும் ஒரு குறி. போட்டவருக்கு ஒரு விநாடி ஆகியிருக்குமா? அந்த ஒரு வரிப் பதில் பொய்யில்லை. அவர்கள் புத்தகத்தில் நான் அப்போதே போய்விட்டேன். இங்க தனியாக் குந்திக்கிட்டு, தபால்காரர் வர்ற வழியப் பாத்துக்கிட்டு, எட்டு வருசம். யாரைத் திட்டுவது? நானும் போன வாரம் அதையேதான் செய்தேன்.

19 ஜூன், வியாழன்

சேரிடம் பதிவேட்டைக் காட்டினேன். என் வரியில் விரல் வைத்துப் பார்த்தார்.

"இதத் திருத்தி எழுதினா நீங்க இந்தியாவுக்குக் கேக்கிற பழைய மனு செல்லாமப் போயிரும். தெரியும்தானே?"

"தெரியும் சேர்."

"ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. யோசிங்க. நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்."

என்ன யோசிப்பது? லெஃப்ட் என்று விட்டால் அம்மாவுக்காகக் காத்திருப்பவளாகவே இருக்கலாம். இங்கும் இல்லை, அங்கும் இல்லை, ஆனால் எப்போதாவது என்று ஒரு நினைப்பு. ரெசிடன்ட் என்று போட்டால் அந்த நினைப்பு போய்விடும். அம்மாவை விட்டுவிடுவது போல இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

அப்பாவின் வரிக்கு அடியிலிருந்து என்னை எடுத்துத் தனியாகப் போட்டேன். பெயர், தோட்டம், ரெசிடன்ட். எந்தச் சூத்திரமும் இல்லாமல் ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். குடும்பத் தலைவி நானே. எனக்குக் கீழே யாரும் இல்லை.

பின்னேரம் அம்மாவுக்கு எழுதினேன். நடந்ததை எல்லாம் எழுதி, இங்கேயே இருப்பதாகக் கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று முடித்தேன்.

23 ஜூன்

பட்டியலை ஏற்றுக்கொண்டார்கள்.

29 ஜூன், ஞாயிறு

அம்மாக்கண்ணு அக்கா கூப்பிட்டிருந்தாள். வட்டகொடைக்குப் போனேன். லயத்துக் காம்பராவில் பாய் போட்டு உட்கார வைத்து, ரொட்டியும் மாசிச் சம்பலும் கொடுத்தாள். கடைக்குட்டி என் குடையைத் திறந்து திறந்து மூடியது. வரும்போது கடைசி பஸ் வரும்வரை அக்கா கூடவே ரோட்டில் நின்றாள். அறைக்கு வந்து கதவைத் திறந்ததும் பழைய வெறுமைதான்.

12 ஆகஸ்ட்

அம்மாவின் கடிதம் வந்தது. இதை மெஷினில் ஏற்றவில்லை. அப்பாவுக்கு மூட்டுவலி. தம்பிக்குப் புதுக்கோட்டையில் லொறி வேலை கிடைத்திருக்கிறது. அங்கே மூன்று மாதமாகச் சொட்டு மழை இல்லையாம், கிணறு வற்றிவிட்டதாம். நான் எழுதியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தாளின் அடியில், இடம் இல்லாமல் நெருக்கி எழுதியிருந்த கடைசி வரி, கேள்விக்குறியோடு:

"அங்க இப்ப மழையா?"

ஆமாம்மா. மழைதான்.