மூன்றாம் வார்த்தையில் நான் அணைத்த இரண்டு நிமிடம்

அம்மா,

2026 ஏப்ரல் 3, பெரிய வெள்ளி, பிற்பகல் மூன்று இருபது. மூன்று மணி நேர ஆராதனை முடிந்து சபையார் கஞ்சிக்குப் போய்விட்டார்கள். நான் மைக்குகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் நான்கு. போன வருடம் நீ கையில் பிடித்துப் பேசியது இரண்டாவதை. அதன் ஸ்பாஞ்சை மோந்து பார்த்தேன். போடி ஏலக்காய்க் கோடவுனில் இருபது வருடம் காய் பிரித்தவள் நீ. அந்த விரல் வாசம் ஒட்டியிருக்குமா என்று. இல்லை. வெறும் ரப்பர். ஒரு வருடம் தங்காது என்று தெரியும். தெரிந்தேதான் மோந்தேன்.

சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பது நம் சபை வழக்கம். ஆளுக்கு இருபது நிமிடம். உனக்கு மூன்றாவது வந்தது. சாகிற நேரத்தில், 'அதோ உன் மகன், அதோ உன் தாய்' என்று தன் தாயைச் சீடனிடமும் சீடனைத் தாயிடமும் ஒப்படைத்த வார்த்தை. ஒரு மாதம் நோட்டில் எழுதினாய். சோறு வடிக்கும்போதும் எழுதினாய். எனக்கு எரிச்சல்.

"இதுல என்னம்மா இருக்கு? அவர் ஃபியூஸ் மாதிரி. அவர் எரிஞ்சாரு, நம்ம தப்பிச்சோம். அவ்வளவுதான்."

கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாய்: "ஃபியூஸுக்கு வலிக்குமாடா? ஃபியூஸுக்கு அம்மா இருக்காளா?"

நேரமாச்சு என்று பைக்கை எடுத்தேன். வழக்கம்போல ஆசீர்வதிக்க வாசலுக்கு வந்தாய். ஹெல்மெட்டைக் கழற்ற எனக்குப் பொறுமை கிடையாது. நீ ஹெல்மெட் மேலேயே கையை வைத்து, "கர்த்தாவே, இவன் கரண்டுல கை வைக்கிறவன்" என்று ஆரம்பிப்பாய். ஆமென் சொல்வதற்குள் நான் தெருமுனையில் இருப்பேன்.

அதற்கு முந்தின வருடம் ஆராதனை நாலு மணிவரை இழுத்தது. அதனால் இருபதாம் நிமிடம் சிவப்பு விளக்கு, இருபத்திரண்டில் மைக் அணையும் என்று கமிட்டியில் சொன்னவன் நான். "உங்கம்மாவுக்குமா தம்பி?" என்று செயலர் கேட்டார். "யாரா இருந்தாலும்" என்றேன்.

நீ இருபத்திரண்டைத் தொட்டாய். "அந்த அம்மாவுக்குக் கையில இருந்ததெல்லாம் போன நேரத்துல..." என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மிக்ஸர் மேசையிலிருந்து உன் மைக்கை இறக்கிவிட்டேன். அதன்பின் உன் உதடு மட்டும் அசைந்தது. முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். பெரிய வெள்ளி அன்று, கோயிலுக்குள், என் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் கழித்து மேடையை விட்டு இறங்கினாய்.

வீட்டில், "சட்டம்னா எல்லாருக்கும்தானடா" என்று மட்டும் சொன்னாய். கடைசியில் என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், அணைத்தது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகஸ்டில் கோடவுனிலேயே மயங்கி விழுந்தாய். நான் கடமலைக்குண்டில் சோலார் பம்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது நீ இல்லை.

அன்றைய ஆராதனையின் ரெக்கார்டிங்கை எத்தனையோ முறை போட்டுக் கேட்டேன். அது மிக்ஸரிலிருந்து எடுத்தது; மைக்கை இறக்கினால் அதுவும் இறங்கிவிடும். சுத்தமாக வேலை பார்த்திருக்கிறேன். எவ்வளவு கூட்டினாலும் இரைச்சல்தான்.

சற்றுமுன் எஸ்தர் அத்தை எனக்குக் கஞ்சி கொண்டுவந்தது. உன்னோடு காய் பிரித்த அதே அத்தை. கேட்டேவிட்டேன்: "அத்த, போன வருஷம் மைக் போனப்புறம் அம்மா என்ன சொல்லுச்சு?"

"எங்க வீட்டுத் தண்ணி மோட்டாரப் பாக்க வாரேன்னு சொல்லி மூணு வாரமாச்சு. மொதல்ல அதுக்குப் பதிலச் சொல்லுலே."

"வெளையாடாதீக அத்த."

அத்தை என் முகத்தைப் பார்த்தது. "பிரசங்கமெல்லாம் அங்கனயே நின்னு போச்சுப்பா. உன் மேசையப் பாத்துக் கைய நீட்டுச்சு. 'அந்தா உக்காந்துருக்கான் பாருங்க, மைக்க அமத்துனவன். அவன்தான் எம் மகன்'னுச்சு. அது மொகமெல்லாம் சிரிப்பு. எங்களுக்கும் சிரிப்பு வந்துருச்சு, ஆயரு மொறச்சாக. அப்புறம் நீட்டுன கைய எடுக்காம கண்ண மூடி ஜெபம் பண்ணுச்சு."

"யாருக்கு?"

"யாருக்கா? ஒனக்குத்தாம்லே."

அத்தை போனபின் கேபிளைச் சுருட்டாமல் உட்கார்ந்துவிட்டேன். ஆணி அடித்தவர்களுக்காகவும் அவர் செத்தார் என்று சிறு வயதிலிருந்து கேட்கிறேன். ஒரு தகவல் மாதிரி கேட்டிருக்கிறேன். தன் வாயை அடைத்தவனையே கைகாட்டி, இவன் என்னுடையவன் என்று நீ எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாய். எனக்கு மட்டும் கேட்கவில்லை. கேட்காதபடி செய்தவன் நானே. அந்த ஆசீர்வாதம் நான் உன்னை அணைத்த நேரத்தில் என்மேல் வந்திருக்கிறது அம்மா. இதைத் தாங்கவும் முடியவில்லை, இறக்கி வைக்கவும் முடியவில்லை.

இனி:

1. ரெக்கார்டிங்கை அழிக்க மாட்டேன். சத்தத்தைக் கூட்டித் தேடவும் மாட்டேன்.

2. வரும் வருடம் மூன்றாம் வார்த்தையை எனக்குத் தரச்சொல்லி ஆயரிடம் கேட்பேன். என் விசுவாசம் அரைகுறை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

3. எஸ்தர் அத்தையின் மகன் துபாயில் இருக்கிறான். இப்போதே போய் மோட்டாரைப் பார்ப்பேன். அத்தை பேசி முடிக்கும்வரை கிளம்ப மாட்டேன்.