புது கேஸ், பழைய பர்னர்

ஜூலை 3, செவ்வாய்

காலையிலிருந்தே வெயில். லோரியில் கேஸ் பாட்டில் வந்து இறங்கியது. ரப்பர் பேக்டரி லேபுக்கு இனி இதுதானாம், தோட்டத் துரை உத்தரவு. கேட்டில் காவல் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் பெருமாள் அதையும் தட்டிப் பார்த்தே உள்ளே விட்டான்.

"உள்ளுக்கு அரிசி கிரிசி இல்லையே, லேப்பையா?"

காட்டுக் கம்யூனிஸ்டுகளால் வந்த இந்த அவசரகாலத்தில் அவனுக்கு எதைப் பார்த்தாலும் அரிசி. பாவம், அவன் வேலை அது.

பழைய பெட்ரோல் மெஷினைக் கழற்றி ஓரமாக வைத்தாயிற்று. பழைய பர்னரையே புது பாட்டிலில் மாட்டிப் பற்றவைத்தேன். முழ நீளத்துக்கு மஞ்சள் சுடர். பீக்கர் அடி அட்டைக் கரி.

மகள் ரோசி கடிதம். 15ஆம் தேதி ஞாயிறு வருகிறாள். அதற்கு அடுத்த வாரம் கப்பல். இங்கிலாந்தில் நர்ஸ் படிப்பு, மூன்று வருஷம். "அன்னிக்கு ஒங்களோட ஒக்காந்து சாப்பிடணும்ப்பா" என்று எழுதியிருக்கிறாள். நாலு தடவை படித்தேன்.

ஜூலை 5, வியாழன்

பல் வலி. கிராம்பு.

இன்றும் மஞ்சள். ரப்பர் பால் சோதனைக்குத் தண்ணீர் சுட வைப்பதற்குள் லேப் முழுக்கப் புகை. காரணம் புரிந்துவிட்டது. பர்னரில் அதிசயம் ஒன்றுமில்லை. அடியில் சின்னத் துளை. கேஸ் அதில் சீறிப் போகிற வேகத்தில், பக்கத்துத் துவாரத்து வழியாகக் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். இரண்டும் குழாய்க்குள்ளேயே கலந்து மேலே வந்து எரியும். காற்று போதுமானால் நீலம், நல்ல சூடு, கரி இல்லை. போதாவிட்டால் மஞ்சள். பெட்ரோல் கேஸ் பெரும்பாலும் காற்று, நீர்மோர் மாதிரி. அதற்குப் பெரிய துளை வேண்டும். பாட்டில் கேஸ் கெட்டித் தயிர். அதே துளையில் விட்டால் எப்படி?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்பிரிட் விளக்கு. மின்விசிறி போட்டால் போச்சு. பிறகு பெட்ரோல் மெஷின்: எடைக்கல் இறங்க இறங்க டிரம் சுற்றும், பெட்ரோல் மேல் காற்றை ஊதிக் குழாய்க்கு அனுப்பும். ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோலுக்கு எங்கே போக, தேங்காயெண்ணெயில் திரி. இப்போது பாட்டில். ஒருவன் ஆயுசில் நாலு நெருப்பு.

இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. சமையல் கொட்டகை பாக்கியத்திடம் சோறு வாங்கும்போது ஆரம்பித்தேன். "நெருப்புன்னா நெருப்புதானே லா, தட்ட நீட்டுங்க" என்றாள். பின்னால் வரிசை. வந்துவிட்டேன்.

ஜூலை 8, ஞாயிறு

மழை வருவது போல் வந்து ஏமாற்றியது. பூசைக்கு ராசா டவுன் கோயிலுக்குப் போகவில்லை, வெளியே போகப் பாஸ் எடுக்கச் சோம்பல். ஜெபமாலை மட்டும்.

ரோசிக்கு என்ன கொடுப்பது? சமைக்காத அரிசியை எவனும் வைத்திருக்கக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். கொட்டகையில் மொத்தமாக வடிக்கிறார்கள், தலைக்கு இவ்வளவு என்று தட்டில் விழுகிறது. நான் வாங்கி வருவதற்குள் ஆறிவிடும். தனி ஆள், எப்படி இருந்தால் என்ன. ஆனால் மகளுக்கு ஆறின சோறா?

கோழிக்குழம்பு. அது கூடாது என்று சட்டம் இல்லை. நான் குடியிருப்பது லேபுக்குப் பின்னறை. பேக்டரிக்குள் விறகடுப்பு கூடாது. ரோசி அம்மா திரேசா போனபின் அடுப்பே வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு இருக்கிற ஒரே நெருப்பு பர்னர்.

ஆகவே அதைச் சரிப்படுத்தியே ஆகவேண்டும்.

ஜூலை 10, செவ்வாய்

துரையிடம் புதுத் துளைமூக்கு கேட்டேன். கோலாலம்பூருக்கு எழுதுகிறாராம், மாதக் கடைசி ஆகுமாம். நல்லது.

நானே செய்தேன். பழைய துளையை ஈயத்தால் அடைத்து, சூடு ஆறியதும் ஊசியால் குத்தினேன். பற்றவைத்தால் கொஞ்சம் நீலம், பிறகு பட்டென்று ஒரு சத்தம், மேலே சுடர் இல்லை. குழாய்க்குள் இறங்கி அடியிலேயே எரிகிறது, உறுமலோடு. துளை மிகவும் சின்னது. கேஸ் மெதுவாக வந்தால் நெருப்பு அதை எதிர்த்து உள்ளே போய்விடும். மூடுவதற்குள் ஈயம் உருகி விரல் நுனி வெந்தது. தொலைந்தது.

பேனா பிடிக்க எரிகிறது.

ஜூலை 12, வியாழன்

நேற்று வேலை நெருக்கடி, எழுதவில்லை. ரோசிக்கு உள்ளே வரப் பாஸ் கேட்டு ஆபீசில் பெரிய கிராணியிடம் எழுதிக் கொடுத்தேன். "ஒங்க மகதானே, நம்ம புள்ள, ஆயிரும்" என்றார். கோலா குபு பாருவில் போலீஸ் கையெழுத்து ஆகவேண்டும்.

இரண்டாம் தடவை ஈயம். ஊசிக்குப் பதில் கொஞ்சம் தடித்த சட்டை ஊக்கு. காற்றுத் துவாரத்து வளையத்தைப் பாதிதான் திறந்தேன்.

நீலம்! உள்ளே பச்சையாய் ஒரு கூம்பு, அசையாமல். பீக்கர் அடி பளிச். தனியாக நின்று கைதட்டினேன். வெட்கமாக இருந்தது.

ஜூலை 14, சனி

பாஸ் வந்துவிட்டது. பாக்கியம் கோழி தருகிறாள், நாளை சோறு வடித்ததும் முதல் தட்டு எனக்காம். "மக வருதுன்னதும் மூஞ்சியே மாறிப்போச்சு ஐயாவுக்கு."

அறையைப் பெருக்கினேன். இரண்டாவது நாற்காலி இல்லை. ஸ்டூலைத் துடைத்து வைத்தேன். இத்தனை வருஷம் ஒரே நாற்காலியோடு இருந்திருக்கிறேன், இன்றுதான் தெரிகிறது.

ஜூலை 15, ஞாயிறு

விடியற்காலையே ராணுவ லோரிகள், வரிசையாக. என்னவென்று கேட்கப் போகவில்லை. எனக்குக் குழம்பு. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பர்னரைக் குறைத்து, கூட்டி, மறுபடி குறைத்து, கண்ணெல்லாம் சுடரிலேயே. ஒரு தடவைகூட உள்ளே இறங்கவில்லை. குழம்பு ஒரே சீராகக் கொதித்தது. பாக்கியம் தந்த சோற்றை வெந்நீர்ச் சட்டி மேல் வைத்துச் சூடு ஆறாமல் காத்தேன்.

பஸ் சத்தம். சட்டை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

கேட் மூடியிருந்தது. காட்டில் தேடுதல் ஆபரேசனாம். நேற்றுவரை கொடுத்த பாஸ் எதுவும் செல்லாதாம். ரோசி முள்கம்பிக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சட்டையில், கையில் எனக்கு வாங்கிய ஒரு துண்டோடு.

"சோறாவது கொடுக்கிறேன் பெருமாள்."

"ஐயா, ஒரு பருக்கை வெளிய போனா என்னையத்தான் உள்ள வைப்பாங்க. பேசுங்க, நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன். சாப்பாடு மட்டும் வேணாங்க."

அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. திட்ட முடியவில்லை.

ரோசி கேட்டாள், "என்னப்பா சமைச்சீங்க?"

"கோழிக்குழம்பு. பர்னருல."

"பர்னருலயா!" சிரித்தாள். அம்மா சிரிப்பு. பிறகு, "போய் எடுத்துட்டு வாங்கப்பா. நீங்க சாப்பிடுங்க. நான் பாத்துட்டுப் போறேன்."

அடுக்குச் சட்டியைத் தூக்கி வந்தேன். கம்பி ஓரம் தரையில் உட்கார்ந்து பிசைந்தேன். அவள் அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்தாள். இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"உப்பு காரமெல்லாம் சரியா இருக்காப்பா?"

"எல்லாம் சரியா இருக்கும்மா."

உப்பே போடவில்லை. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.