தம்பியின் மௌன விரதம்

சாலைக் கடைத்தெரு,
திருவனந்தபுரம்.
கொல்லம் 1128, பங்குனி 12

தாழக்குடி நீலாம்பாள் அக்காவுக்கு, தம்பி பகவதிப்பெருமாள் கைகூப்பி எழுதுவது. இங்கே மங்கலமும் அவள் அம்மாவும் சுகம். அங்கே நீயும் அத்தானும் சுகமாக இருக்கத் தாணுமாலயன் அருள வேண்டும். என் சுகத்தை முதல் வரியில் எழுத மனம் வரவில்லை. கீழே வரும்.

உன் கடிதம் கிடைத்தது. சித்திரையில் நிச்சயதாம்பூலம் என்றும், அன்றைக்குச் சபையில் 'பெண் தந்தேன்' என்று எனக்குப் பதிலாக அத்தான் சொல்லிவிடுவார் என்றும் எழுதியிருந்தாய். என் மௌன விரதத்தைக் கல்யாணம் வரை நீட்டிவிட்டதாகச் சம்பந்தக்காரரிடம் சொல்லிவிட்டாயாம். விரதம் இருப்பவன் நான், அதை நீட்டுகிறவள் நீ. நல்ல ஏற்பாடுதான்.

உன்மேல் கோபம் இல்லை. அவர்கள் பெண் பார்க்க வந்தபோது நான் நெய்யூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புகையிலை தின்ற புண் புற்றாகி, நாக்கில் பாதியை அறுத்து எடுத்து, ரேடியமும் வைத்து அனுப்பியிருந்தார்கள். பேசினால் குழறும். கூடவே எச்சில் ஒழுகும். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் டிக்கெட் கேட்டதற்குக் கண்டக்டர், குடித்துவிட்டு ஏறக்கூடாது என்று மலையாளத்தில் கத்தி, என்னை இறக்கிவிடப் பார்த்தான். அந்த வாயைச் சம்பந்தக்காரர் முன் திறந்தால் மங்கலத்தின் கல்யாணக் காரியம் என்ன ஆகும் என்று பயந்துதான் நீ 'தம்பி மௌன விரதம்' என்றாய். நானும் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகநயினார் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். தடுக்க வேண்டியவன், கை தூக்கி ஆசீர்வாதம் செய்தேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு பேச்சு கொஞ்சம் தேறியிருக்கிறது. நெய்யூரில் தாசம்மாள் என்ற நர்ஸ் சொல்லி அனுப்பியபடி எச்சிலை விழுங்கிவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல் பேசிப் பழகுகிறேன். மங்கலம் அடுக்களையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். கையாலோ முகத்தாலோ ஜாடை செய்தால் அவளுக்குத் தெரியாதல்லவா? முதலில் மோர் கேட்டால் முறம் வந்தது. இப்போது பெரும்பாலும் கேட்டதே வருகிறது. ஆனால் வீட்டுக்கு வெளியே நான் வாயைத் திறப்பதில்லை. கடையிலும் மொத்த வியாபார வழக்கப்படி துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்லிவிடுவதால் அங்கே என் நாக்கை யாரும் தேடவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

இனி எழுத வந்த காரியம். நேற்று ஆறுமுகநயினார் தனியாகக் கடைக்கு வந்தார். பக்கத்தில் யாராவது என் கதையை உளறிவிடுவார்களோ என்று பயந்து, அவரைப் பின்னால் மூட்டை அடுக்கும் அறைக்கு அழைத்துப் போனேன். உட்கார்ந்ததும் மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, உங்ககிட்டன்னா சொல்லலாம். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. கன்னத்துக்குள்ள ஒரு புண்ணு. ஆடியிலேருந்து ஆற மாட்டேங்கு. வலியும் இல்ல. விரதம் இருக்கிய கையால கொஞ்சம் திருநீறு போட்டுத் தாருங்க, மாறிப்போவும்."

சொல்லிவிட்டுக் கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார். கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் நன்றாக விழுந்தது. என் நாக்கில் முதலில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, அக்கா. எனக்கும் அப்போது வலி இல்லை. நானும் கிராம்பை வைத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சாமி சன்னிதியில் நிற்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். திருநீற்றை எடுத்து அவர் கன்னத்தில் பூசினேன். மனிதர் சந்தோஷமாக வெற்றிலையில் புகையிலையை வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மங்கலத்துக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். என் காலைத் தொட்டவர் காதில் இந்தக் குழறல் விழக்கூடாதே என்று வெட்கப்பட்டேன். அவ்வளவுதான். ஒருவர் உயிரைவிட என் வெட்கம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. இப்படிப்பட்டவனை உன் தம்பி என்று சொல்லிக்கொள்ள உனக்கும் வெட்கமாக இருக்கும்.

கடிதம் எழுதினால் போதாதா என்று கேட்பாய். அந்த வீட்டில் வரும் தபாலையெல்லாம் அவர் மகன் உரக்கப் படிப்பான் என்று நீதானே சொன்னாய். அவர் மறைத்து வைத்திருப்பதை நான் முற்றத்தில் கொட்டக் கூடாது. தவிர, எழுத்தில் சொன்னால் அண்ணாச்சி ஏதோ பயமுறுத்துகிறார் என்று விட்டுவிடுவார். என் வாயை அவர் பார்க்க வேண்டும், நான் பேசுவதைக் கேட்க வேண்டும். அப்போதுதான் எழுந்து நெய்யூருக்குப் போவார்.

நேரில் போய் அவரிடம் பேசப்போகிறேன் என்று நேற்று இரவே வீட்டில் சொன்னேன். பெண் வீட்டில் இந்த வியாதி, போதாததற்குப் பொய்யும் சொன்னார்கள் என்று சம்பந்தம் முறிந்து போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மங்கலத்தின் அம்மா அழுதாள்.  மங்கலம் அடுக்களைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "அவருகிட்ட என்ன சொல்லப்போறியன்னு இப்ப எங்கிட்ட சொல்லுங்கப்பா" என்றாள். நான் சொன்னேன். விளங்காத இடத்தில் திரும்பச் சொல்ல வைத்தாள். எல்லாம் சரியாகக் காதில் விழுந்த பிறகும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அந்த வீட்டுக்கு என்னை நீதான் அழைத்துப் போக வேண்டும். அவரைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டுத் தா. விரதப் பொய்யை நான் சொல்லச் சொல்லித்தான் நீ சொன்னதாகச் சொல்லிக்கொள்கிறேன், உன்மேல் பழி வராது. அத்தானிடம் சபையில் அவர் பேச வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடு. சபை என்று ஒன்று கூடினால் நானே பேசுவேன்.

நீ தாய் ஸ்தானத்தில் நின்று என்னை வளர்த்தவள். சின்ன வயதில் நான் திக்கினால் முந்திக்கொண்டு பேசி என்னைக் காப்பாற்றியவள். உன் வாய் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காலில் விழுந்து கேட்கிறேன். ஆறுமுகநயினாருக்கு நான் சொல்வது விளங்காமல் அவர் உன் முகத்தைப் பார்த்தால், நீ ஒன்றும் சொல்லிவிடாதே. நான் திரும்பச் சொல்கிறேன்.

உன் தம்பி,
பகவதிப்பெருமாள்