ரிப்பனைத் தொட்டவளும் கோப்பை வாங்கியவளும்

கரடியூர்,
ஜனவரி 22, வியாழன்.

அன்புள்ள செல்விக்கு,

மனுவேல் எழுதிக்கொள்வது. நானும் அபிஷாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் முதுகுவலி குறைந்ததா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் இரண்டாவது நிமிடமே, "விடுங்க, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று முடித்துவிடுவாய். கடிதத்தில் நான்தான் முடிக்க வேண்டும். லீவில் வந்திருக்கும் ரொனால்ட் நாளை மறுநாள் அங்கே குவைத்துக்குத் திரும்புகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை அபிஷாவுக்குப் போன் செய்வதற்கு முன்னால் படித்துவிடு.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு பாதிதான் முடிந்திருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை.

போன ஞாயிறு நடந்த மலையேற்ற ஓட்டச் சாம்பியன்ஷிப்பில் அபிஷாவுக்குச் சிறப்புப் பரிசு கிடைத்தது என்று போனில் சொன்னேன். நீயும் சந்தோஷப்பட்டாய். நான் சொல்லாமல் விட்டது இது: அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே ஒண்டிக்கடைச் சந்திப்பில் கட்டியிருந்த ரிப்பனைத் தொட்ட முதல் பெண் நம் பெண்தான். சேலத்துப் பெண் நந்தினி ஒரு நிமிடம் கழித்து வந்தாள். கோப்பை நந்தினிக்கு. நம் பெண்ணுக்கு ஒரு பிளாஸ்க்.

ஓட்டக் கழகச் செயலாளர் ஹரிஹரன் என்னைத் தனியே அழைத்து விளக்கினார். "ஏனுங்க ரைட்டர், நம்ம மலைப் புள்ளைங்களுக்கு இந்தக் காத்து பழக்கமுங்க. கீழ இருந்து வர்றவங்களுக்கு அது அநியாயமில்லீங்களா? அதனாலதான் உள்ளூர்ப் பிரிவுன்னு தனியா மரியாத பண்ணியிருக்கோம்" என்றார். நியாயமான பேச்சு. இனிமேல் மீனவர் பிள்ளைகளுக்கு நீச்சலில் கோப்பை தரக் கூடாது. தண்ணீர் அவர்களுக்குப் பழக்கம். உயரமானவர்களைக் கூடைப்பந்து மைதானத்தின் பக்கமே விடக் கூடாது.

நந்தினியைக் குறை சொல்ல மாட்டேன். அவள் மேடையிலேயே மைக்கை வாங்கி, "ஏங்க, பன்னெண்டாவது வளைவு வரைக்கும் இந்தப் பொண்ணு முதுகத்தான் பாத்துட்டு வந்தேன். அதுக்கப்புறம் அதுவும் தெரியல. கோப்ப எனக்கு எப்படிங்க வரும்?" என்று கேட்டாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஹரிஹரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு பெருந்தன்மையா என்று அந்த இடத்திலேயே அவளுக்கு இன்னொரு பரிசும் கொடுத்துவிட்டார்கள். பாவம், ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் இரண்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

திங்கட்கிழமை ஹரிஹரன் எஸ்டேட் ஆபீசுக்கே வந்தார். அடுத்த வருடப் போஸ்டருக்குப் படம் வேண்டுமாம். ரிப்பனைத் தொடும் படங்களில் எல்லாம் அபிஷாதான் இருக்கிறாள். நந்தினி வரும்போது ரிப்பன் தரையில் கிடந்தது. "புள்ள சிரிப்பு நொம்ப நல்லா வந்திருக்குதுங்க. நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா போதும்" என்று காகிதத்தை நீட்டினார். சாம்பியனுக்குக் கோப்பை, சாம்பியன்ஷிப்புக்கு நம் பெண்ணின் முகம். அவருக்கு டீ வாங்கித் தரவில்லை. வந்தவருக்கு டீ தராமல் நான் அனுப்பியது இதுதான் முதல் தடவை.

கிரேக்கர்கள் அந்தக் காலத்தில் ஜெயித்தவனுக்கு இலையைப் பின்னித் தலையில் வைத்தார்கள். அதற்காகவே ஊர் ஊராக வந்து ஓடினார்கள். ஓட்டப் பந்தயத்துக்கு இருக்கிற சிறப்பு ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள், ஒரு விசில், முன்னால் வந்தவர் முன்னால் வந்தவர். யார் பெற்றது, எங்கே பிறந்தது என்ற கேள்வியே இல்லை. அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது வாழைப்பழம் கொடுக்கும் ஒரு காலை நேர நெரிசல். இதையெல்லாம் நான்கு நாட்களாக மாரியப்பன் டீக்கடையில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். அவரும், "அதானுங்களே" என்று தலையாட்டுகிறார். நான் சொல்வதெல்லாம் உண்மைதான். சத்தம்தான் தேவைக்கு மேல்.

அபிஷா ஷூவைக் கழுவிக் காயவைத்து, பேப்பரில் சுற்றி பீரோ மேலே வைத்துவிட்டாள். வருகிற 31-ஆம் தேதி சேலத்தில் மாவட்ட அணித் தேர்வு. போக மாட்டேன் என்கிறாள். "என் மூஞ்சியையும் ஷூவையும் பாத்தே முடிவு பண்ணிட்டாங்கப்பா. அங்க போனாலும் அப்படித்தான் பாப்பாங்க" என்றாள்.

செல்வி, அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பதிவுப் படிவத்தில் பொது, உள்ளூர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. உள்ளூர் என்றால் அடிவாரத்துக்குப் பஸ்ஸும் காலைப் பொங்கலும் இலவசம் என்று போட்டிருந்தது. விடியற்காலையில் அவளை எப்படிக் கீழே கொண்டு சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த நான், கெட்டிக்காரத்தனமாக அதில் டிக் போட்டேன். உள்ளூர்ப் பிரிவுக்குக் கோப்பை கிடையாது என்று அடுத்த பக்கத்தில் இருந்த விதியைப் படிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர். ஓர் உரமூட்டையைக்கூட விவரம் பார்க்காமல் பதிந்ததில்லை. பெற்ற மகளை அப்படிப் பதிந்துவிட்டேன். ஹரிஹரன் அந்தப் படிவத்தைக் காட்டினார். டிக் அச்சடித்த மாதிரி இருந்தது.

அந்த விதியை எழுதியவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் அவளை அனுப்பிய கை என்னுடையது. இது அபிஷாவுக்குத் தெரியாது. சனிக்கிழமை காலையில் சொல்லப்போகிறேன். ஹரிஹரன் விட்டுப்போன போட்டோ சம்மதக் காகிதத்தையும் அவளிடமே கொடுத்துவிடுவேன். அவள் சரி என்று சொன்னால்தான் என் கையெழுத்து. கிழித்தாலும் சரிதான்.

நீ போன் செய்யும்போது, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் கண்ணு" என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்காகவும் பேச வேண்டாம். என் மேல் கோபப்படட்டும், ஒரு மாதம் பேசாமல்கூட இருக்கட்டும். ஆனால் 31-ஆம் தேதி அவள் அந்தக் கோட்டில் போய் நிற்க வேண்டும். அதை நீ சொன்னால்தான் கேட்பாள். யாரோ தன்னைப் பார்த்துக் குறைத்துவிட்டார்கள் என்று நினைத்து வீட்டில் உட்காருவதைவிட, அப்பன் ஒரு முட்டாள் என்று நினைத்துக்கொண்டு ஓடட்டும்.

மாதா உன்னையும் அவளையும் காக்கட்டும்.

உன்,
மனுவேல்