கல்யாணச் சாமானில் காப்பி

உ

காரைக்குடி
12.11.1998

அன்பு மகள் சிகப்பிக்கு ஆத்தா எழுதுவது. பிள்ளையார்பட்டியான் புண்ணியத்தில் நானும் அப்பச்சியும் சுகம், அமெரிக்கக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விடவில்லை, முற்றமெல்லாம் பாசி, அப்பச்சி இரண்டு தரம் வழுக்கியும் அந்தத் தேய்ந்த செருப்பை விடமாட்டேன் என்கிறார்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அண்டம் விரிவது வரவர மெதுவாகும் என்றுதான் நினைத்திருந்தார்கள், அளந்து பார்த்தால் வேகம் கூடிக்கொண்டே போகிறது, வெகுதூரத்து நட்சத்திரக் கூட்டங்களின் வெளிச்சம் ஒரு காலத்தில் நம்மிடம் வந்தே சேராது என்று எழுதியிருந்தாய். அதைச் சரிபார்க்க இன்னும் இரண்டு வருஷம் வேண்டும் என்றும் எழுதிவிட்டு, தேவகோட்டைச் சம்பந்தத்துக்காக எல்லாவற்றையும் விட்டுத் தையில் வந்துவிடுகிறேன் என்று கடைசி வரியில் சொன்னாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாயார் தேனம்மை ஆச்சி நாள் குறிக்க வந்தார்கள். இரண்டு வருஷம் பொறுக்கச் சொன்னேன், முடியாது என்றார்கள். உன் வேலையை எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். தள்ளித் தள்ளிப் போறதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று சிரித்தார்கள். நான் சாமான் அறையைத் திறந்து, நீ பிறந்ததிலிருந்து சேர்த்து உன் பேர் வெட்டி வைத்திருந்த வெள்ளி டம்ளர்களை எடுத்துக் கழுவி, அதிலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தேன். ஆச்சி பாதி குடித்துவிட்டுத்தான் பேரைப் பார்த்தார்கள். "கல்யாணத்துல பரப்புற சாமானைப் புழங்கிட்டீகளே" என்றார்கள். "ஆமா ஆச்சி, எம் மக வேலை முடியாம வரமாட்டா" என்றேன். புழங்கிய சாமானைப் பரப்ப முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாதா, மீதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். உன் அப்பச்சி பேப்பரை மடித்துவிட்டு, அதே டம்ளரில் தனக்கும் ஒரு காப்பி கேட்டார்.

ஊர் பேசுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நீ தூரமாக இருக்கிறாயே என்று நான் அழாத நாளில்லை, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த நட்சத்திரக் கூட்டங்கள் கண்ணுக்கு எட்டுகிற காலத்தில் நீங்கள் பார்க்காவிட்டால் அவற்றைப் பிறகு யார் பார்ப்பது? வேலையைப் பாதியில் விட்டு வந்தாயானால் நான் கதவைத் திறக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. நூறு வயது நன்றாக இரு. பார்சலில் ஒரு டம்ளர் வரும், உன் பேர் வெட்டியது. பத்திரமாக எடுத்து வைக்காதே, தினமும் அதிலே குடி.

ஆசியுடன்,
உன் ஆத்தா
நாச்சம்மை